மோர்டனில் விழுந்த நிழல்

மர்டோ கெயர்டின் நிழல் மனித நிழலாக இருக்கவில்லை. அது இரட்டை எஞ்சின் பூட்டிய ஒரு விமானத்தின் நிழல். இறக்கை நுனியிலிருந்து இறக்கை நுனிவரை ஐம்பத்து நான்கு அடி. 2022ஆம் ஆண்டு ஜூலையில், லண்டனில் வெப்பம் நாற்பது பாகையைத் தொட்ட வாரத்தில், மோர்டனில் அதைக் கண்டவர்கள் குறைந்தது முப்பது பேர். அப்போது கெயர்டுக்குத் தொண்ணூற்றெட்டு வயது. நாற்பத்தாறு கிலோ எடையோடு சக்கர நாற்காலியில் இருந்தார். அவ்வளவு சிறிய மனிதரிலிருந்து அவ்வளவு பெரிய நிழல் விழுந்ததை, வீட்டு வாடகை கூடியதைப் பேசுவது போலவே அந்தப் பகுதிச் சனங்கள் இரண்டு கிழமை பேசிவிட்டு விட்டார்கள். ஆனால் அந்த நிழலால் ஒரு குடும்பத்துக்கு நடந்ததை இங்கே எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

கெயர்ட் பிறந்தது ஸ்கொட்லாந்தின் வடகிழக்கில், கடலிலிருந்து மூன்று மைல் உள்ளே, பார்லியும் கறுப்பு மாடுகளும் இருந்த ஒரு பண்ணையில். பதினெட்டு வயதில் விமானப்படைக்குப் போனார். அவர் ஓட்டியது மரத்தால் செய்த விமானம். ஓட்டுபவரும் வழிகாட்டியும் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து, மரங்களின் உச்சி உரசும் உயரத்தில் பட்டப்பகலில் பறப்பார்கள். 1945 ஏப்ரல் ஒன்பதாம் திகதி, ஜேர்மனியின் வடக்கே ஓர் ஆற்றுப் பாலத்தை உடைக்க அவரை அனுப்பினார்கள். உடைத்துவிட்டுத் திரும்பினார். பாலத்தைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை என்று அறிக்கை கொடுத்தார். வழிகாட்டி அதன்கீழ் கையொப்பமிட்டார். கெயர்ட் ஏணியால் இறங்கிப் புல்லில் நடந்தபோது விமானத்தின் நிழல் விமானத்தை விட்டுவிட்டு அவருக்குப் பின்னால் வந்தது. எஞ்சின் பார்க்கிறவர்கள் இரண்டு பேர் அதைக் கண்டார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார். நிழலில்லாத விமானத்தை இன்னும் மூன்று முறை வேறு ஆட்கள் ஓட்டினார்கள். போர் முடிந்ததும் அது விறகாகப் போனது. வழிகாட்டி கனடாவுக்குப் போய், ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் ஒரு சொல்லும் எழுதாத வெறும் வாழ்த்து அட்டையை நாற்பது வருடம் அனுப்பிக்கொண்டிருந்தார்.

கெயர்ட் தகப்பனின் பண்ணைக்குத் திரும்பினார். வெயில் எறித்தால் மாடுகள் வேலியை உடைத்துக்கொண்டு ஓடின. கோழிகள் கூட்டுக்குள் போய் மாலைவரை வெளியே வரவில்லை. வயலின் ஒரே இடத்தில் அதிக நேரம் நின்றால் அந்த இடத்துப் பார்லி ஒரு கிழமை பிந்தி விளைந்தது. அறுவடைக்கு முன் குன்றிலிருந்து பார்த்தால் பொன் நிற வயலில் பச்சையாக ஒரு விமானம் கிடப்பது தெரியும். அதனால் அவர் வெயில் இல்லாத மப்பு நாட்களில் உழுதார், மழையில் விதைத்தார். அந்தப் பகுதியில் அப்படிப்பட்ட நாட்களுக்குக் குறைவில்லை. ஐலா என்ற ஆசிரியையைக் கட்டினார். கல்யாணப் படங்கள் எல்லாம் தேவாலயத்தின் உள்ளே எடுக்கப்பட்டன. அயலவர்கள் மரியாதையானவர்கள், ஒருவருடைய நிழலைப் பற்றி அவர் முன்னால் பேசும் வழக்கம் அவர்களிடம் இல்லை. ஐலா ஒரேயொரு தடவை, மகள் கத்ரீனா பிறந்த வருடம், அந்தப் பாலத்தடியில் என்ன நடந்தது என்று கேட்டாள். பாலம் உடைந்தது என்றார். அதன்பின் அவள் பிள்ளையின் தொட்டிலை அவர் நிற்கும் பக்கமாக வெயிலில் வைத்ததில்லை.

அறுபதுகளில் லிபரல் கட்சிக்காரர்கள் வந்து கேட்டபோது அவர் தேர்தலில் நின்றார். மலைப்பக்க வீடுகளுக்கு மின்சாரம் வேண்டும், குத்தகைக் கமக்காரரை நிலத்திலிருந்து எழுப்பக் கூடாது, மீனவர் துறைமுகத்தைத் திருத்த வேண்டும் என்று குடைகளுக்குக் கீழே நின்றவர்களிடம் பேசினார். நல்லாகப் பேசினார் என்று எதிர்க்கட்சிக்காரரும் ஒப்புக்கொண்டார்கள். தேர்தல் நாளில் விடாமல் மழை பெய்தது, வென்றார். அடுத்த தடவை பனிமூட்டம், மறுபடி வென்றார். நாடாளுமன்றத்துக்குள் வெயில் விழுவதில்லையாதலால் அங்கே அவருக்கு ஒரு இடைஞ்சலும் இருக்கவில்லை. மூன்று வருடம் இப்படிப் போனபின், தூரத்து நாடொன்றின் போருக்கு விமானங்களை விற்கலாமா என்ற விவாதம் வந்தது. சந்தைகள் மீது குண்டு விழுகிறதே என்று ஒருவர் கேட்க, மேலேயிருந்து ஓட்டுபவனுக்குக் கீழே மனிதர் தெரிவதில்லை, தவறுகள் நடக்கும் என்று அமைச்சர் சொன்னார். அன்று சபையில் விமானம் ஓட்டியிருந்தவர் கெயர்ட் ஒருவர்தான். எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின. அவர் எழுந்தார். அமைச்சர் சொல்வது சரி, மனிதர் தெரிவதில்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பன்னிரண்டு வாக்கு வித்தியாசத்தில் விமானங்களை விற்கலாம் என்று முடிவானது. அடுத்த தேர்தல் ஒரு ஜூன் மாதத்தில் நடந்தது. காலையிலிருந்து முகிலே இல்லை. வாக்குச்சாவடி வாசலில் கைகொடுக்க நின்றவரின் நிழல் வரிசையில் நின்றவர்கள் மீது கிடந்தது. அவர்கள் வாக்குப் போடாமலே ஒவ்வொருவராக வீட்டுக்குப் போனார்கள். அத்தோடு அவருடைய அரசியல் முடிந்தது.

பிறகு ஐம்பது வருடம். ஐலா செத்தாள். முழங்கால் போனது, பண்ணை கைமாறியது. லண்டனில் தாதியாக இருந்து ஓய்வுபெற்ற கத்ரீனா தகப்பனை மோர்டனுக்குக் கொண்டுவந்தாள். கொரோனா வந்த முதல் சித்திரையில் அவளும் செத்தாள். தகப்பன் அதைக் கைத்தொலைபேசித் திரையில் பார்த்தார். அதன்பின் அவரைப் பக்கத்துத் தெருவிலிருந்த ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார்கள். அதன் மனேஜர் தஞ்சாவூர்ப் பக்கத்து ஜம்புநாதன். ஒரு நாள் பின்கதவைத் திறந்துவைத்தபோது கெயர்டின் நிழல் கார் நிறுத்துமிடம் முழுக்க விரிந்ததைப் பார்த்துவிட்டு, அவருடைய கோப்பில், வெளியே கூட்டிப்போவது மேகமான நாட்களில் மட்டும் என்று ஒரு வரி எழுதிவைத்தார்.

2022 ஜூலையில் அந்த இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்த கமலேஸ்வரிக்கு அவருடைய கோப்பை வாசிக்க நேரம் இருக்கவில்லை. வெப்பத்தால் நான்கு பேர் லீவு. வந்த அன்றே இரட்டை ஷிப்ட். அவளுக்கு ஐம்பத்தொரு வயது. வன்னியில் பிறந்து, போருக்குப் பின் ஒல்லாந்துக்குப் போய், அந்த நாட்டுப் பாஸ்போட்டோடு 2017இல் லண்டனுக்கு வந்தவள். அவளுக்குத் துஷ்யா என்று ஒரு மகள் இருந்தாள். 2009 தை மாதம், ஓலைக் கொட்டிலில் நடந்த பள்ளிக்கூடத்தில் குண்டு விழுந்தபோது துஷ்யாவுக்கு எட்டு வயது. வன்னிச் சனம் கிபிர் என்று சொல்லும் அரசாங்கப் போர் விமானம். கமலேஸ்வரி இருநூறு யார் தூரம் தள்ளிக் கிணற்றடியில் நின்றாள். சத்தத்துக்கு முதல் அவள் கண்டது நிழலை. துஷ்யாவின் தகப்பன் கனகலிங்கம் அந்தக் கிழமை மருந்து வாங்க வவுனியாவுக்குப் போனவன். பின்னால் பாதை பூட்டுப்பட்டு ஏழு மாதத்துக்குப் பிறகுதான் முகாமில் மனைவியைக் கண்டான். மகளை மண்ணில் தாட்ட இடத்தை அவன் காணவேயில்லை.

முகாமுக்கு வந்த ஒரு பாதிரியார் கமலேஸ்வரிக்கு ஒரு வசனம் சொன்னார்: அவ்வளவு உயரத்திலிருந்து ஆட்கள் தெரியாது, ஓட்டினவனுக்கு அது பள்ளிக்கூடம் என்று தெரிந்திருக்காது. அவள் அந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள், சாப்பிட்டாள், கப்பல் ஏறினாள், ஒல்லாந்து மொழி படித்தாள். கனகலிங்கம் அதை ஏற்கவில்லை. வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளைகள் எப்படித் தெரியாமல் போகும், பார்த்துவிட்டுத்தான் போட்டவன் என்றான். அவள் இல்லை என்றாள். ரொட்டர்டாமில் சாப்பாட்டு மேசையிலும், பஸ்ஸிலும், வைத்தியசாலை வரிசையிலும், பிறகு லண்டனிலும், பதின்மூன்று வருடம் அவர்கள் இந்த ஒரே சண்டையைப் பிடித்தார்கள். வேறு எதைத் தொடங்கினாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். லண்டனுக்கு வந்த இரண்டாம் வருடம் அவன் ஈஸ்ட் ஹாமில் ஒரு அறை எடுத்துக்கொண்டு போனான். அங்கே தமிழ்க் கடையொன்றில் மரக்கறிப் பெட்டி இறக்கினான். விவாகரத்து இல்லை. வெள்ளிக்கிழமைகளில் போன் எடுப்பான். சுகம் விசாரித்து, மழையைப் பற்றிப் பேசி, கடைசியில் அவன் ஓம் என்பான், அவள் இல்லை என்பாள். போனை வைப்பார்கள்.

ஜூலை பத்தொன்பதாம் திகதி முற்பகல் கெயர்டைக் கண் வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டியிருந்தது. கமலேஸ்வரி அவருக்குத் தொப்பி போட்டு, முன்வாசலின் சாய்ப்புக்குக் கீழிருந்து நாற்காலியை நடைபாதைக்குத் தள்ளினாள். தெருவைக் கடந்து பஸ் தரிப்பிடம் வரை நிழல் ஒரே வீச்சில் பாய்ந்தது. முதலில் மூக்கு, பிறகு இரண்டு எஞ்சின்கள், பிறகு இறக்கைகள். அவள் நாற்காலியை விட்டுவிட்டுக் குப்புற விழுந்தாள். வாயைத் திறந்து, இரண்டு காதையும் பொத்தி, நெஞ்சு நிலத்தில் படாமல் முழங்கையில் ஊன்றி, வன்னியில் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்த மாதிரியே கிடந்தாள். தரிப்பிடத்தில் நின்றவர்களில் ஐந்து பேர் அப்படியே விழுந்தார்கள்: இரண்டு மரக்கறிப் பையோடு ஒரு பெண், வங்கியில் வேலை செய்யும் ஒருவர், கைக்குழந்தையைத் தனக்குக் கீழே வைத்துக்கொண்ட ஒரு தாய், ஒரு தம்பதி. ஒருவரையொருவர் முன்பின் தெரியாத ஐந்து தமிழர். மற்றவர்கள் நின்றபடி பார்த்தார்கள். ஒரு நிமிடம் போல ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவர்கள் எழும்பி முழங்காலைத் தட்டிவிட்டு, உருண்ட கத்தரிக்காய்களைப் பொறுக்கிக்கொண்டு, வந்த பஸ்ஸில் ஏறிப் போனார்கள். கெயர்ட் நாற்காலியிலிருந்து குனிந்து, நிலத்தில் கிடந்த பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். வயலில் மாடுகள் ஓடியதையும் வாக்காளர்கள் கலைந்து போனதையும் அவர் கண்டிருக்கிறார். தன் நிழலுக்குக் கீழே மனிதர் படுத்ததை அன்றுதான் கண்டார்.

ஜம்புநாதன் அவளுக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார். “நான் முன்னாடியே சொல்லியிருக்கணும்மா, மறந்துட்டேன்,” என்றார். “வேணும்னா உங்களை மேல் மாடிக்கு மாத்தி விட்டுடறேன்.” கமலேஸ்வரி ஓம் என்றாள். இரண்டு நாள் மேல்மாடியில் வேலை செய்தாள். மூன்றாம் நாள், யாரும் கேட்காமலே, கெயர்டின் அறைக்குச் சாப்பாட்டுத் தட்டோடு திரும்பிப் போனாள். ஏன் என்று ஜம்புநாதன் கேட்டபோது, அந்த ஐயா விழுங்கச் சுணங்குவார், மற்றப் பிள்ளைகளுக்குப் பொறுமையில்லை என்று மட்டும் சொன்னாள்.

ஆவணி மாதத்தில் ஒரு பிற்பகல். திரைச்சீலைகள் மூடியிருந்தன. அவள் கஸ்டட்டைக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தாள். கெயர்ட் மூன்றாவது கரண்டியோடு கையை உயர்த்தித் தடுத்து, அது கீழேயிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று கேட்டார். எழுபத்தேழு வருடமாக அது தன் காலடியில் கிடக்கிறது, கீழே நின்ற எவரிடமும் தான் கேட்டதில்லை என்றார். கமலேஸ்வரி சொல்லத் தொடங்கினாள். அவளுடைய ஆங்கிலம் ஒல்லாந்து வழியாக வந்தது. சொற்கள் குறைவு, அதனால் சுற்றிவளைக்க முடியவில்லை. நிழல் முதலில் கிணற்றுக்கட்டில் ஏறியது என்றாள். பிறகு வேலி. பிறகு வாளியைப் பிடித்திருந்த அவளுடைய கை. கை ஒரு கணம் குளிர்ந்தது. பிறகு பாதை, பாதையில் கிடந்த ஒரு செருப்பு, பள்ளிக்கூட முற்றம், முற்றத்தில் நின்ற வெள்ளைச் சட்டைகள். பிள்ளைகள் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். அது ஒன்றும் செய்யாமல் போய்விட்டது. அவள் ஓடத் தொடங்கினாள். பாதித் தூரம் போகுமுன் அது திரும்பி வந்தது. பதினொரு பிள்ளைகள். இவ்வளவையும் அவள் சொல்லி முடிக்கக் கஸ்டட் ஆறிப்போனது.

பிறகு அவள் தன்னுடைய கேள்வியைக் கேட்டாள். மேலேயிருந்து மனிதர் தெரிவார்களா? பாதிரியார் தெரியாது என்று சொன்னவர், எனக்கு அதுதான் வேண்டும், உங்களுக்குத் தெரிந்திருக்கும், சொல்லுங்கள் என்றாள்.

கெயர்ட் மூடிய திரைச்சீலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அவர் என்ன நினைத்தார் என்பதைப் பின்னால் அவரே ஜம்புநாதனிடம் சொன்னார். நாடாளுமன்றத்தில் எழுந்து நின்ற பிற்பகலை நினைத்தாராம். அன்று உண்மையைச் சொல்லியிருந்தால் எத்தனை சந்தைகள் தப்பியிருக்கும் என்று அவர் பல வருடம் கணக்குப் பார்த்துத் தோற்றவர். சாவதற்கு முன் அதே கேள்வி இன்னொரு முறை வந்தால் பொய் சொல்வதில்லை என்று அப்போதே முடிவெடுத்திருந்தார். கேள்வி வந்துவிட்டது. கேட்பவர் யார், பதில் அவருக்கு என்ன செய்யும் என்பதை அவர் அந்த முடிவுக்குள் யோசித்திருக்கவில்லை.

“தெரிவார்கள்,” என்றார். “தாழப் பறந்தால் முகம்கூடத் தெரியும்.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். பாலம் முன்பே பாதி உடைந்திருந்தது. அதனடியில் ஆட்கள் தோணிக்காக வரிசையில் நின்றார்கள், பால் கான்களோடும் பிள்ளைகளோடும். முதல் முறை அவர் குண்டு போடாமல் அவர்களுக்கு மேலாகப் போனார். வழிகாட்டி, ஆட்கள் நிற்கிறார்கள் மர்டோ, என்றார். அவர் வட்டமடித்துத் திரும்பினார். ஆட்கள் கலைந்திருக்கவில்லை, போய்விட்டது என்று நினைத்திருக்க வேண்டும். ஒரு சிறுமி வெயிலுக்கு நெற்றியில் கைவைத்து அவரைப் பார்த்தாள். அவளுடைய இடது காலுறை கணுக்காலுக்கு நழுவியிருந்தது. நான்கு விநாடி இருந்தது. அவர் அழுத்தினார்.

உங்கள் ஊரில் வந்தது என்னுடையதைவிட வேகமான விமானம், அதைப் பற்றி எனக்குத் தெரியாது என்று அவர் சொல்லியிருக்கலாம். அதையும் சொன்னார்தான். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. இரண்டு முறை வந்தது என்றாயே, என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாம் முறை வருகிறவன் முதல் முறை பார்த்துவிட்டுத்தான் வருகிறான் என்றார்.

கமலேஸ்வரி கிண்ணத்தைத் தட்டில் வைத்தாள். துவாயை எடுத்து அவருடைய வாயைத் துடைத்தாள். அப்போது தமிழில் சொன்னாள்: “அங்க பொய் சொன்னனீங்கள். இஞ்சையும் ஒருக்காச் சொல்லியிருக்கலாம்தானே.”

அவருக்கு விளங்கவில்லை. என்ன சொன்னாய் என்று கேட்டார். அவள் ஒன்றுமில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லித் தலையணையைச் சரிசெய்துவிட்டுப் போனாள். நாடாளுமன்றத்தில் சொன்ன பொய்யைப் பற்றி அவளுக்குச் சொன்னது யார் என்று கேட்கலாம். நாடாளுமன்றத்தில் ஒரு பொய் சொன்னேன் என்று அவரே, முதல் கிழமையிலேயே, யாரிடமாவது சொல்லவேண்டும் என்று அவளிடம் சொல்லியிருந்தார்; எது பொய் என்று அப்போது சொல்லவில்லை. அவள் அதை அரசியல் கதையாகக் கேட்டுவைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை கனகலிங்கம் வழக்கம்போலப் போன் எடுத்தான். சுகமா என்றான், முருங்கைக்காய் பெட்டிக்கணக்கில் பழுதாகிப் போனதைச் சொன்னான். வழமையான இடத்துக்கு வந்தார்கள். அவன் தன் பங்கைச் சொன்னான், பார்த்துவிட்டுத்தான் போட்டவன் என்று. அவள், “ஓம். நீங்கள் சொன்னதுதான் சரி. தெரியுமாம்,” என்றாள். யார் சொன்னது, எப்படிச் சொன்னது என்று ஒன்றும் விடாமல் சொன்னாள். மறுமுனையில் கடையின் பின்கதவு திறந்து மூடும் ஓசை மட்டும் கேட்டது. போன் அறுந்துவிட்டது என்று அவள் நினைத்த நேரத்தில் அவன் பேசினான்.

“நீர் இல்லையெண்டு சொல்லுவீர் எண்டுதானே நான் ஓம் எண்டு சொல்லிக்கொண்டிருந்தனான்,” என்றான். “ஒவ்வொரு கிழமையும் நீர் சொல்லக் கேக்கத்தான் போன் எடுத்தனான். இனி ஆர் எனக்கு அதைச் சொல்லுறது?”

பதின்மூன்று வருடம் அவளுக்கு எதிராகச் சண்டை பிடித்தவன் அவளுடைய பக்கத்தில்தான் நின்றிருக்கிறான் என்பது அன்று தெரிந்தது. தெரிந்தபோது அந்தப் பக்கம் என்று ஒன்று மிச்சமிருக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கனகலிங்கம் ஈஸ்ட் ஹாமிலிருந்து இரண்டு ரயில் மாறி மோர்டனுக்கு வந்தான். சவரம் செய்து, வெள்ளைச் சேட்டு போட்டிருந்தான். அவன் வந்தது மனைவியைப் பார்க்க அல்ல, நிழலைப் பார்க்க. மகள் கடைசியாகக் கண்டதைத் தான் காணவில்லை என்ற குறை அவனுக்கு இருந்தது. ஜம்புநாதனிடம் கேட்டார்கள். விதிப்படி முடியாது என்று சொல்லத் தொடங்கியவர் கனகலிங்கத்தின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கார் நிறுத்துமிடத்தின் சாவியை எடுத்துவந்தார். கெயர்டிடமும் கேட்டார்கள், அவர் தன் தொப்பியைத் தானே போட்டுக்கொண்டார்.

மதியம் பன்னிரண்டரை மணி. கனகலிங்கம் வெறும் தாரில், வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே நின்றான். கமலேஸ்வரி நாற்காலியைப் பின்கதவால் மெதுவாகத் தள்ளினாள். நிழல் குப்பைத் தொட்டிகளில் ஏறி, அங்கே நின்ற ஒரு வான் வண்டியின் கூரையால் வழிந்து, தாரில் இறங்கி அவன் சப்பாத்தைத் தொட்டது. முழங்காலுக்கு வந்தது. சேட்டு சாம்பல் நிறமானது. அவன் நெற்றியில் கைவைத்து அண்ணாந்து பார்த்தான். மேலே ஒன்றுமில்லை. நீல வானமும் வெயிலும்தான்.

“சத்தம் வரேல்லையே,” என்றான்.

“சத்தம் பிறகுதான் வரும்,” என்றாள் கமலேஸ்வரி.

மூன்று பேரும் காத்திருந்தார்கள். பதினைந்து நிமிடம் போல இருக்கும் என்று ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்த ஜம்புநாதன் சொல்கிறார். சத்தம் வரவில்லை. கெயர்ட் இரண்டு தடவை ஆங்கிலத்தில் தன்னை மன்னிக்கும்படி சொன்னார். கனகலிங்கத்துக்கு அந்தளவு ஆங்கிலம் தெரியும். அவன் நாற்காலிக்குக் கிட்ட வந்து, கிழவரின் சரிந்த தொப்பியை நிமிர்த்திவிட்டு, தன்னால் ஏலாது என்று தமிழில் சொல்லிவிட்டு, ஸ்டேசன் பக்கம் நடந்தான்.

அதற்குப்பின் கெயர்ட் ஒவ்வொரு நாளும் தன்னை வெயிலில் விடச் சொன்னார். சாப்பாட்டைக் குறைத்தார். புரட்டாதி மாதத்தில் ஒரு வெள்ளை வெயில் நாள், கமலேஸ்வரி போர்வை எடுக்க உள்ளே போய் வந்த இடைவெளியில், கார் நிறுத்துமிடத்தில் இருந்தபடி செத்துப்போனார். வைத்தியர் வந்து எழுதிக்கொடுத்தார். நாற்காலியை உள்ளே தள்ளினார்கள். நிழல் கூடப் போகவில்லை; தாரில் அப்படியே கிடந்தது. அவரைப் புதைக்க ஸ்கொட்லாந்துக்குக் கொண்டுபோனபோது பெட்டிக்குப் பெட்டியின் நிழல்தான் இருந்தது என்று கூடப்போன ஜம்புநாதன் வந்து சொன்னார். பழைய கட்சிக்காரர் மூன்று பேர் வந்தார்களாம். கெயர்ட் மின்சாரம் கொண்டுவந்த கதையை ஒருவர் பேசினாராம்.

கார்த்திகையில் கனகலிங்கம் ஈஸ்ட் ஹாம் அறையைக் காலி செய்துவிட்டு மோர்டனுக்கு வந்தான். இருவரும் இப்போது ஒரே வீட்டில் இருக்கிறார்கள். உறவினர்கள் சந்தோசப்பட்டார்கள். ஆனால் அது சேர்ந்தது என்று சொல்லக்கூடிய விசயமல்ல. சண்டை பிடிக்க ஒன்றும் மிஞ்சவில்லை. பேசவும் ஒன்றும் மிஞ்சவில்லை. அவள் சோறு போடுவாள், அவன் தேத்தண்ணி ஊற்றுவான். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் அவனுடைய கை தன்பாட்டில் போனைத் தேடி எடுக்கும். அவள் அடுப்படியில் நிற்பதைப் பார்த்துவிட்டுத் திருப்பி வைப்பான்.

நிழல் இன்னும் கார் நிறுத்துமிடத்தில் கிடக்கிறது. கவுன்சிலுக்கு எழுதினார்கள், அது தனியார் நிலம், தாங்கள் பொறுப்பல்ல என்று பதில் வந்தது. ஒருவர் இயந்திரம் வைத்துக் கழுவிப் பார்த்தார். மப்பு நாட்களில் இருக்காது, வெயில் எறித்தால் வந்துவிடும். கோடை முழுக்க அதற்குள் நிறுத்தும் கார்கள் சூடேறுவதில்லை என்று தெரிந்தபின், காலை ஷிப்டுக்கு வருகிறவர்கள் அந்த இடத்துக்காக முந்திவருகிறார்கள். ஜம்புநாதன் சண்டை வராமல் இருக்க இடது இறக்கையில் மூன்று கார், வலதில் மூன்று என்று புதிதாகக் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறார். வேலையாட்கள் போகும் கதவு அதற்கு அந்தப் பக்கம். முதல் வருடம் கமலேஸ்வரி வேலி ஓரமாகச் சுற்றிப் போனாள். இப்போது பஸ் பிந்தினால் நேராகக் கடந்து போகிறாள். நடுவில் வந்ததும் கை கொஞ்சம் குளிர்கிறது என்று சொல்கிறாள். மேலே பார்ப்பதில்லை.